கல்யாண மேடையில் நிற்க முடியுமா, டாக்டர்?

கேள்வி: எனக்கு 62 வயது. புராஸ்டேட் புற்றுநோய் என்று ஒன்பது வாரத்துக்கு முன் சென்னையில் ஆபரேஷன் செய்து சுரப்பியை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். பன்னிரண்டாம் நாள் யூரின் ட்யூபை எடுத்தார்கள். அன்றிலிருந்து யூரின் என் கட்டுப்பாட்டில் இல்லை. இருமினால், தும்மினால், நாற்காலியிலிருந்து எழுந்தால் போய்விடுகிறது. மற்றபடி அவசரமாக ஓட வேண்டும் என்று தோன்றுவதில்லை. இரவில் பரவாயில்லை, காலையிலும் சமாளித்துவிடுகிறேன். சாயங்காலம் ஆனால் வேட்டி நனையாமல் இருப்பதில்லை. நாளுக்கு நாலைந்து பேட் ஆகிறது. ஆஸ்பத்திரியில் சொன்ன பயிற்சியைத் தினமும் முந்நூறு தடவைக்குக் குறையாமல் செய்கிறேன். மதியத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டேன். பக்கத்தில் ஒரு டாக்டர் யூரின் அடங்க மாத்திரை கொடுத்தார். பலன் இல்லை. வாய் வறள்கிறது, மலச்சிக்கல் வேறு. பத்து வருஷமாகச் சர்க்கரையும் பி.பி.யும் உண்டு.

இன்னும் ஏழு வாரத்தில் தங்கை மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் நான் ஒருவன்தான். முதல் நாள் சாயங்காலம் மண்டபத்தில் வரவேற்பு, மறுநாள் காலை கோயிலில் முகூர்த்தம். இந்த நிலையில் கோயிலுக்குள் போகலாமா, மேடையில் நிற்க முடியுமா? மனைவியிடம்கூட முழுதாகச் சொல்லவில்லை. விடியற்காலையில் எழுந்து வேட்டியை நானே அலசிப் போட்டுவிடுகிறேன். இது சரியாகுமா?

– பெயர் வேண்டாம், தஞ்சை மாவட்டம்

பதில்:

அன்புள்ள ஐயா,

முதலில் மேடை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நிற்கலாம். ஏழு வாரத்தில் கசிவு முழுதாக நின்றுவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் யார் கண்ணிலும் படாமல், உங்களுக்கே பாதி நேரம் அது ஞாபகம் வராமல், அந்த இரண்டு நாளையும் நல்லபடியாக நடத்தி முடிக்கலாம். அதற்கு இரண்டு விஷயத்தை இன்றைக்கே மாற்ற வேண்டும். தண்ணீரை நிறுத்தியது ஒன்று, அந்த முந்நூறு தடவை இன்னொன்று.

ஏன் என்று புரிய, உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். சிறுநீர்ப்பைக்குக் கீழே, பெரிய நெல்லிக்காய் அளவில் புராஸ்டேட் இருக்கும். சிறுநீர்க் குழாய் அதன் நடுவே புகுந்து வெளியே வருகிறது. இந்தப் பாதையில் இரண்டு இடத்தில், குழாயை மூடித் திறக்கிற வால்வு மாதிரி, அடைப்பு உண்டு. மேல் அடைப்பு பையின் கழுத்தில் இருக்கிறது. நாம் நினைக்காமலேயே, தூக்கத்திலும்கூட, அது தன் வேலையைச் செய்யும். கீழ் அடைப்பு புராஸ்டேட்டுக்கு அடியில் இருக்கிற சுருக்குத் தசை. பஸ்ஸில் போகும்போது ‘கொஞ்சம் பொறு’ என்று அடக்குகிறோமே, அப்போது கைகொடுப்பது இதுதான். உங்கள் ஆபரேஷனில் புராஸ்டேட்டோடு மேல் அடைப்பின் பெரும்பகுதியும் போய்விட்டது. பையைக் கீழே இழுத்து, குழாயின் மிச்ச நுனியோடு சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். அறுபத்திரண்டு வருஷம் ஒத்தாசைக்கு நின்ற கீழ்த் தசைமேல் இப்போது முழு வீட்டுப் பொறுப்பும் விழுந்திருக்கிறது.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் நம்பிக்கை தந்த வரி, ‘இரவில் பரவாயில்லை, காலையிலும் சமாளித்துவிடுகிறேன்’ என்பது. தசை அடியோடு செத்திருந்தால் படுத்தாலும் கசியும், காலையிலும் கசியும். உங்களுக்கு அது வேலை செய்கிறது, சாயங்காலத்துக்குள் களைத்துப்போகிறது. ஒன்பதாவது வாரத்தில் இது நாங்கள் எதிர்பார்ப்பதுதான். பெரும்பாலானவர்களுக்கு மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதத்துக்குள் நல்ல மாற்றம் தெரியும். அதற்குப் பிறகும் ஒரு வருஷம் வரை மெல்ல மெல்லத் தேறிக்கொண்டே போகும்.

இடையில் யாராவது வந்து, ‘எனக்கும் புராஸ்டேட் ஆபரேஷன்தான், ஒரே வாரத்தில் சரியாகிவிட்டது’ என்பார். அவருக்கு நடந்தது பெரும்பாலும் வேறு ஆபரேஷனாக இருக்கும். புற்றுநோய் இல்லாத சாதாரண வீக்கத்துக்குச் சிறுநீர்ப் பாதை வழியே கருவியை விட்டு, உள்ளே அடைத்திருக்கும் சதையை மட்டும் சுரண்டி எடுப்பார்கள். சுரப்பியின் ஓடு அப்படியே இருக்கும். அவரோடு உங்களை ஒப்பிட்டு மனம் நோகாதீர்கள்.

சரி, பயிற்சிக்கு வருவோம். களைத்துப்போகிற தசையைத் தினமும் முந்நூறு தடவை இழுத்தால், மதியத்துக்குள் அது ஓய்ந்துவிடும். சாயங்காலம் உங்கள் வேட்டி நனைவதில் இந்த உழைப்புக்கும் பங்கு இருக்கிறது என்றே நினைக்கிறேன். அதைவிட எனக்குப் பெரிய சந்தேகம், நீங்கள் இழுப்பது சரியான தசையைத்தானா என்பது. என்னிடம் வருகிறவர்களைச் செய்து காட்டச் சொன்னால், பலரும் மூச்சைப் பிடித்து, வயிற்றை எக்கி, புட்டத்தை இறுக்குவார்கள். முகம் சிவந்துவிடும். கீழே ஒன்றும் அசையாது. மூச்சைப் பிடித்து வயிற்றை இறுக்கினால் அந்த அழுத்தம் பையின் மேல்தான் விழுகிறது. அடைக்க வேண்டிய நேரத்தில் மேலிருந்து பிதுக்குகிறோம்.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு கண்ணாடி போதும். குளித்து முடித்ததும் கதவைச் சாத்திக்கொண்டு, உடையில்லாமல் கண்ணாடி முன் நில்லுங்கள். மார்கழியில் காவிரியில் இறங்கும்போது குளிர்ந்த தண்ணீர் இடுப்பைத் தொடும் நேரம், கீழே எல்லாம் தானாக மேலே இழுத்துக்கொள்ளுமே, அதை நினைத்துக்கொண்டு இழுங்கள். ஆணுறுப்பின் அடிப்பாகம் சற்று உள்ளே போக வேண்டும், விதைகள் லேசாக மேலே ஏற வேண்டும். அதே நேரம் வயிறும் தொடையும் புட்டமும் தளர்வாக இருக்க வேண்டும். இழுத்துப் பிடித்தபடியே ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று வாய்விட்டு எண்ணுங்கள். பேச முடிந்தால் மூச்சைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். விதைகள் ஏறுவது கண்ணாடியில் தெரிந்துவிட்டால் சரியான தசை கிடைத்துவிட்டது.

கணக்கு இதுதான். இழுத்து ஐந்து விநாடி பிடியுங்கள், ஐந்து விநாடி முழுதாகத் தளர விடுங்கள். தளர விடுவதும் பயிற்சியில் பாதி. இப்படிப் பத்து. பிறகு ‘டக் டக்’ என்று வேகமாகப் பத்து. காலையில் எழுமுன் படுத்தபடி ஒரு தடவை, பதினோரு மணிவாக்கில் நின்றபடி ஒரு தடவை, இரவு மறுபடி படுத்தபடி ஒரு தடவை. அவ்வளவுதான், அறுபதோடு முடிந்தது. வாரம் போகப் போக ஐந்து விநாடியைப் பத்தாகக் கூட்டுங்கள், எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள். யூரின் போகும்போது பாதியில் நிறுத்திப் பார்க்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். தசையைக் கண்டுபிடிக்க ஒரு தடவை செய்தால் போதும். தினமும் செய்தால் பை முழுதாகக் காலியாகாமல் யூரின் தங்கிவிடும்.

இந்த அறுபதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. எழுவதற்கு முன்பு இழுத்துப் பிடியுங்கள், அப்புறம் எழுங்கள். இருமலோ தும்மலோ வரப்போகிறது என்றால் முதலில் பிடியுங்கள். குனிவதானாலும் ஒரு குடத்தை நகர்த்துவதானாலும் அப்படித்தான். ‘பிடித்து, பிறகு எழு’ என்பது நாளைக்கு நாற்பது தடவை நடந்தால், மூன்று நாலு வாரத்தில் தசை அதைத் தானே செய்யப் பழகிவிடும். பக்கத்து ஊரில் இடுப்புத்தளத் தசைக்குப் பயிற்சி தருகிற பிசியோதெரபிஸ்ட் இருந்தால் இரண்டு மூன்று தடவை போய்ச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீருக்கு வருகிறேன். நீங்கள் நிறுத்தியதற்குக் காரணம் எனக்குப் புரிகிறது. ஆனால் மதியத்துக்கு மேல் தண்ணீரே இல்லையென்றால் யூரின் கெட்டியாகி மஞ்சளாகும். அது பையின் உட்சுவரை உறுத்தும். பை அடிக்கடி சுருங்கும். கசிவு குறைவதற்குப் பதில் நாற்றமும் எரிச்சலும் சேரும், கிருமித் தொற்றும் வரலாம். சர்க்கரை உள்ளவருக்கு இந்த வெயிலில் அது ஆபத்து. குடல் வறண்டு மலம் இறுகும். நீங்கள் உட்கார்ந்து முக்குவீர்கள். முக்கும் ஒவ்வொரு தடவையும் ஆறிக்கொண்டிருக்கிற அந்தத் தசைதான் அடிவாங்குகிறது. ஆகவே நாளைக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு லிட்டர், காலை முதல் பரவலாக, ஒரு தடவைக்கு ஒரு டம்ளர். இருதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருந்தால் மட்டும் அந்த அளவு. இரவு ஏழு மணிக்கு மேல் குறைத்துக்கொள்ளலாம். காப்பி காலையில் ஒன்று போதும். சாயங்காலக் காப்பியைக் கொஞ்ச நாள் தள்ளிவையுங்கள், அது பையையும் தூண்டும், யூரினையும் கூட்டும். ‘எதற்கும் ஒரு தடவை போய்விட்டு வருவோம்’ என்று அரை மணிக்கொரு தரம் போகாதீர்கள். பை சிறிதாகப் பழகிவிடும். இரண்டரை, மூன்று மணி நேரம் இடைவெளி இருக்கட்டும்.

அந்த மாத்திரை விஷயம். யூரின் அடங்கக் கொடுக்கும் மாத்திரைகள் பை அவசரப்பட்டுச் சுருங்குவதைத் தணிக்கும். உங்களுக்கு அவசரமே இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பழுது பையில் இல்லை, அடைப்பில்தான். பலன் இல்லாததற்கும், வாய் வறள்வதற்கும், மலச்சிக்கலுக்கும் இப்போது காரணம் தெரிகிறதா? ஆபரேஷன் செய்த டாக்டரைப் போனில் கேட்டு, அவர் சரி என்றால் நிறுத்திவிடுங்கள்.

அப்படியே உங்கள் மற்ற மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் பாருங்கள். சர்க்கரை மாத்திரையில் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று ‘கிளிஃப்ளோசின்’ என்று முடிகிற பெயர் இருந்தால், அது சர்க்கரையை யூரின் வழியே வெளியேற்றுகிற மருந்து. யூரின் அளவு கூடும், தொடை இடுக்கில் பூஞ்சைத் தொற்றும் வரலாம். பி.பி. மாத்திரை எனலாப்ரில், ராமிப்ரில் என்று ‘ப்ரில்’லில் முடிந்தால், சிலருக்கு விடாத வறட்டு இருமலைக் கொண்டுவரும். கசிகிற நேரத்தில் இருமல் எவ்வளவு பெரிய எதிரி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டும் நல்ல மருந்துகள். நீங்களாக நிறுத்தக் கூடாது. ஆனால் எழுதிக் கொடுத்தவரிடம், ‘இப்போதைக்கு மாற்ற முடியுமா?’ என்று கேட்கலாம். சர்க்கரை அளவு ஏறியிருந்தாலும் யூரின் கூடும், அதையும் பார்த்துவிடுங்கள்.

‘நாலைந்து பேட்’ என்கிறீர்கள். அது எனக்குப் போதாது. ஒருவர் துளி பட்டதும் மாற்றுவார், இன்னொருவர் தொங்கும்வரை வைத்திருப்பார். சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்று வாங்குங்கள், இதற்கென்றே தனியாக. உலர்ந்த பேடை ஒரு தடவை எடை போட்டு எழுதி வையுங்கள், முப்பது கிராம் என்று வைத்துக்கொள்வோம். மாற்றும்போது பிளாஸ்டிக் பையில் சுருட்டித் தராசில் வையுங்கள். நூற்றுப்பத்து காட்டினால் எண்பது கிராம், அதாவது சுமார் எண்பது மில்லி கசிந்திருக்கிறது. வாரத்தில் ஒரு நாள், இருபத்துநாலு மணி நேரக் கணக்கு எடுத்தால் போதும். ஒரு நாளைக்கு 400 கிராமைத் தாண்டினால் அதிகக் கசிவு என்று எடுத்துக்கொள்வோம். மனசு ‘அப்படியேதான் இருக்கிறது’ என்று சொல்லும் வாரத்தில்கூட, தராசு ‘முந்நூறு இருநூற்றுப்பத்து ஆகியிருக்கிறது’ என்று காட்டும். என்னிடம் நாற்காலி நுனியில், அடியில் துண்டை மடித்துப் போட்டு உட்கார்ந்தவர் ஒருவர், நாலு வாரக் கணக்கு எழுதிய காகிதத்தை நீட்டியபோது நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அந்தக் காகிதத்தை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

பேட் கட்டுவதிலும் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. வேட்டிக்குள் தொளதொளவென்று பட்டாபட்டி அண்டிராயர் போட்டால் எந்தப் பேடும் நிற்காது, விலகி ஓரமாக வழியும். இறுக்கமான காட்டன் ஜட்டி வேண்டும், ஆணுறுப்பு கீழ்நோக்கி இருக்கும்படி வைத்துப் பேட் அதை அணைத்திருக்க வேண்டும். மாதவிலக்கு நாப்கினை அவசரத்துக்கு வைக்கலாம், ஆனால் யூரின் வேகமாக வந்தால் அது உறிஞ்சாது. சிறுநீருக்கென்று வரும் பேடைக் கேட்டு வாங்குங்கள். மாற்றும்போது தண்ணீரில் கழுவி, ஒற்றியெடுத்து, துத்தநாக ஆக்சைடு கிரீமை மெல்லியதாகத் தடவுங்கள். பவுடர் கொட்ட வேண்டாம், ஈரத்தில் கட்டியாகி உரசும். சிவந்து அரித்தால் தோல் டாக்டரிடம் காட்டுங்கள்.

இனி கல்யாணம். முதல் நாள் சாயங்கால வரவேற்புதான் உங்களுக்குக் கடினமான நேரம். அன்று மதியம் ஒரு மணி நேரம் படுத்து ஓய்வெடுங்கள், தசைக்கும் அது ஓய்வு. அன்று நின்று செய்யும் பயிற்சி வேண்டாம். மணிக்கணக்கில் நிற்க வேண்டுமே என்று பயமாக இருந்தால், ஆணுறை போல மாட்டுகிற உறை ஒன்று உண்டு. காண்டம் கேத்தடர் என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் தருவார்கள். அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று கணுக்காலுக்கு மேல் கட்டிய சிறு பைக்குப் போகும். பேண்ட்டில் சிரமம், வேட்டிக்குள் துளியும் தெரியாது. சரியான அளவு முக்கியம், இறுக்கக் கூடாது, முடியைக் கத்தரித்து, தோலை நன்றாக உலரவிட்டு மாட்ட வேண்டும். இரவு கழற்றிவிடுங்கள். ஒரு வாரத்துக்கு முன்பே வீட்டில் மூன்று மணி நேரம் மாட்டி நடந்து, உட்கார்ந்து, குனிந்து பாருங்கள். கல்யாணத்தன்று முதல்தடவையாக முயற்சி செய்ய வேண்டாம். கிளிப் மாதிரி கவ்வுகிற கருவியும் கிடைக்கிறது. சர்க்கரையால் உணர்ச்சி மங்கியிருந்தால் தோல் நசுங்குவதே தெரியாது, ஆகவே உங்களுக்கு அது வேண்டாம்.

மறுநாள் காலை உங்கள் நல்ல நேரம், நல்ல பேட் ஒன்றே போதும். தரையில் மணையில் உட்கார்ந்து எழுவதைத் தவிர்த்து ஒரு முக்காலி கேளுங்கள். சீர்த் தட்டு ஏந்தலாம். குத்துவிளக்கையும் அரிசி மூட்டையையும் இளைஞர்கள் தூக்கட்டும். ஒரு கைப்பையில் இரண்டு பேட், ஒரு ஜட்டி, மடித்த வேட்டி, பிளாஸ்டிக் பை. மண்டபத்தில் பாத்ரூம் எந்தப் பக்கம் என்று போனதும் பார்த்துவிடுங்கள்.

கோயிலுக்குள் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இது மருத்துவக் கேள்வி இல்லை, இருந்தாலும் என் மனதில் உள்ளதைச் சொல்கிறேன். குளித்து, புதிதாகப் பேட் மாற்றி, சுத்தமான வேட்டி கட்டிப் போகிறீர்கள். டயப்பர் கட்டிய குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டுதானே நாம் சன்னதியில் நிற்கிறோம், அதற்குத் திருநீறு பூசி ஆசி வாங்குகிறோம். நோயிலிருந்து மீண்ட ஒருவருக்கு மட்டும் என்ன தடை? என்னிடம் வந்த இஸ்லாமியப் பெரியவர் ஒருவரும் தொழுகையை விட்டுவிடும் நிலையில் இருந்தார். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்கச் சொன்னேன். இடைவிடாது கசிகிறவர் ஒவ்வொரு தொழுகை நேரத்துக்கும் புதிதாக ஒளு (தொழுகைக்கு முன் முகம், கைகால் கழுவுவது) செய்து தொழுதுகொள்ளலாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். பெரியவர் மறுபடி வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் போக ஆரம்பித்துவிட்டார்.

உங்கள் மனைவியைப் பற்றி. விடியற்காலையில் நீங்கள் வேட்டி அலசுகிற சத்தம் அவருக்குக் கேட்கவில்லை என்றா நினைக்கிறீர்கள்? கேட்டிருக்கும். நீங்கள் சொல்லட்டும் என்று பொறுத்திருப்பார். இன்னொன்றும் சொல்கிறேன். இந்தத் தசைப் பயிற்சியை 1948-இல் எழுதி உலகறியச் செய்த அர்னால்ட் கீகல் அமெரிக்கப் பெண்கள் மருத்துவர். பிரசவத்துக்குப் பிறகு இருமினால் யூரின் கசிந்த பெண்களுக்காகத்தான் அவர் அதைச் சொல்லிக்கொடுத்தார். நம் வீடுகளில் எத்தனையோ பெண்கள் வருஷக்கணக்காக அதை யாரிடமும் சொல்லாமல் புடவைக்குள் ஒளித்துச் சமாளித்திருக்கிறார்கள். நீங்கள் சொன்னால், அவருக்கு உங்களைவிட நன்றாகப் புரியக்கூடும். தராசுக் கணக்கை எழுதுவதை அவரிடமே விடுங்கள். தாம்பத்தியம் பற்றியும் உங்கள் மனதில் கேள்வி இருக்கலாம். அந்த நேரத்தில் கொஞ்சம் கசிவது இந்த ஆபரேஷனுக்குப் பிறகு சாதாரணம், அசிங்கம் ஒன்றுமில்லை. விறைப்புத் திரும்ப இரண்டு வருஷம்கூட ஆகலாம். அதற்கும் வைத்தியம் இருக்கிறது, உங்கள் டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

சில விஷயங்களுக்கு மட்டும் காத்திருக்காதீர்கள். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், யூரினில் ரத்தக் கட்டி, யூரின் அடியோடு நின்றுபோவது, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, திடீரென மூச்சுத் திணறுவது என்றால் அன்றே ஆஸ்பத்திரி. யூரின் நூல் மாதிரி மெலிந்து, முக்கி முக்கிப் போய், கூடவே சொட்டிக்கொண்டும் இருந்தால், தைத்த இடம் சுருங்கியிருக்கலாம். பை நிரம்பி வழிகிற கசிவு அது. பயிற்சியால் தீராது, டாக்டர் பார்க்க வேண்டும். இந்தக் கவலையில், புற்றுநோய் மிச்சமிருக்கிறதா என்று பார்க்கிற பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையை மறந்துவிடாதீர்கள். ஆபரேஷனுக்குப் பின் முதல் பரிசோதனைக்கு இதுதான் நேரம். நீங்கள் அந்த ஆபரேஷனுக்குச் சம்மதித்ததே அந்த எண் இறங்குவதற்காகத்தான்.

ஒரு வருஷம் ஆகியும் நனைந்துகொண்டே இருந்தால்? அப்போதும் வழி உண்டு. மிதமான கசிவுக்குக் குழாயின் அடியில் ஊஞ்சல் மாதிரி ஒரு பட்டையை வைத்துத் தாங்குகிறார்கள். அதிகக் கசிவுக்குச் செயற்கைச் சுருக்கி. குழாயைச் சுற்றி நீர் நிரம்பிய வளையம், விதைப்பைக்குள் ஒரு சிறு பம்பு. பம்பை அமுக்கினால் வளையம் தளர்ந்து யூரின் போகும், கொஞ்ச நேரத்தில் தானே மூடிக்கொள்ளும். 1970-களிலிருந்தே இருக்கிற சிகிச்சை இது. நம் பெரிய நகரங்களிலும் செய்கிறார்கள், செலவு சில லட்சம் ஆகும். ஒன்பதாவது வாரத்தில் அதைப் பற்றி நீங்கள் யோசிக்கத் தேவையில்லை.

இன்று மாலை ஐந்து மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். கல்யாணத்துக்கு முந்தின வாரம், ஆறு வார எடைக் கணக்கை எனக்கு எழுதி அனுப்புங்கள். சாயங்காலப் பேடின் எடையை மட்டும் தனியாகக் குறித்து வையுங்கள், நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.